தப்பிப் பிழைத்த காவலனின் கதை எங்கே?

முன்னாளில் மலாய்க்காரர் போலீசாரை ‘மாத்தா-மாத்தா’ என்று அழைத்தனர். மாத்தா என்றால் கண். ஊருக்காகப் பார்க்கும் கண் என்பது கருத்துப் போலும். அக்கண் கண்ட கோரங்களெல்லாம் பிறகு எங்கே செல்கின்றன? இவ்வினாவை நம் கதாசிரியர்களும் படக்காரர்களும் எழுப்பினார்களா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் விஷயம்.

ஜொகூர் மாநிலத்திற்கு இவ்வினா புதியதன்று. 1950-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் விடியுமுன், மூவார் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கெப்போங் காவல் நிலையத்தைக் கம்யூனிஸ்டுப் படையினர் பெருந்திரளாக வளைத்துக்கொண்டனர். சார்ஜண்ட் ஜமில் முகமட் ஷாவும் அவர்தம் தோழர்களும் சரணடைய மறுத்து மணிக்கணக்கில் போரிட்டனர். நிலையம் எரிந்தது. போலீசாரோடு அவர்தம் மனைவி மக்களும் மாண்டனர். சிலரே உயிர் தப்பினர். 2024 மே 17 அதிகாலையில், அதே மாநிலத்தின் உலு திராம் காவல் நிலையத்தைத் தனியொருவன் தாக்கி இரு இளங்காவலரைக் கொன்றான். மூன்றாமவர் காயமுற்றார். கொன்றவனும் சுடப்பட்டு மாண்டான்.

முந்திய நிகழ்ச்சியை ஜின்ஸ் சம்சுடின் 1981-இல் ‘புக்கிட் கெப்போங்’ என்னும் பெயரால் படமாக்கினார். சார்ஜண்டாகத் தாமே நடித்தார். காவல் நிலையத்தைக் குடும்பங்கள் வாழும் ஓர் எளிய குடியிருப்பாகக் காட்டியதும், பெண்டிரின் அஞ்சாமையை மறவாது போற்றியதும் அப்படத்தின் பெருஞ்சிறப்பு. ஆயினும் அதன் நோக்கெல்லாம் மாண்டாரை வணங்குவதிலேயே நிற்கிறது. பிழைத்தாரின் பின்னாளைப் பற்றிய கதை அதுவன்று. நம் தமிழ்ப் படங்களோ இவ்வளவு தூரமும் வந்தில. 1974-இல் வெளிவந்த ‘தங்கப்பதக்கம்’ கடமைக்காகப் பெற்ற மகனையே சுடும் அதிகாரியைக் காட்டுகிறது. அவருக்குப் பதக்கம் கிடைக்கிறது. உறக்கம் கிடைத்ததா என்று கேட்பாரில்லை. வீரனுக்கு மனம் உண்டென்பதை ஒப்பினால் வீரம் குறைந்துவிடும் என்று நம்மவர் அஞ்சுகின்றனர் போலும்!

அவ்வச்சமின்றி எழுதியவர் அமெரிக்கரான ஜோசப் வாம்பா. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர். 1973-இல் வெளிவந்த அவரது ‘தி ஆனியன் ஃபீல்டு’ உண்மை வரலாறு. 1963 மார்ச்சு மாதத்தில் இரு காவலரைக் கொடியோர் இருவர் கடத்திச் சென்று, ஒரு வெங்காய வயலில் ஒருவரைச் சுட்டுக் கொன்றனர். மற்றவரான கார்ல் ஹெட்டிங்கர் இருளில் ஓடித் தப்பினார். பிறர் கதையை முடிக்குமிடத்தில் வாம்பா தொடங்குகிறார். துப்பாக்கியை ஏன் கொடுத்தாய் என்று துறை அவரைப் பழித்தது. அணிவகுப்புதோறும் சகாக்கள்முன் நின்று நடந்ததைச் சொல்லும்படி பணித்தது. கனவுகள் அவரை வாட்டின, உடல் மெலிந்தது, கடைகளில் சிறு பொருள்களைத் திருடும் நிலைக்கு வந்து, 1966-இல் வேலையையும் இழந்தார்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. கண்டதை அஞ்சாது மீட்டும் மீட்டும் சொல்லவைப்பதே இன்றைய மனமருத்துவத்தின் சிறந்த முறைகளுள் ஒன்று. ஹெட்டிங்கரும் மீட்டும் மீட்டும் சொன்னாரன்றோ? பின் ஏன் நலிந்தார்? கேட்டவர் நீதிபதியாக இருந்தனர், மருத்துவராக இல்லை. குற்றவாளிக் கூண்டில் நின்று சொல்வது புண்ணைக் கிளறும். பழிக்காத ஒருவர்முன், தன் வேகத்தில், வரிசையாகச் சொல்வதே புண்ணை ஆற்றும். விபத்து நடந்தவுடன் எல்லோரையும் கட்டாயமாக உட்கார்த்தி ஒருமுறை பேசவைப்பதும் பயன் தராதென்பதே ஆராய்ந்தோர் முடிவு. இந்நோய்க்குத் தனிப்பெயரிட்டு அமெரிக்க மனமருத்துவர் சங்கம் தன் பட்டியலில் சேர்த்ததே 1980-இல்தான். பெயரில்லாத நோயை அதற்கு முன்பே எழுத்தில் பிடித்தது வாம்பாவின் வெற்றி.

“போலீசுக்கு இரங்குவதா? தடுப்புக்காவலில் மாண்ட நம் பிள்ளைகளுக்கு யார் இரங்கினர்?” என்று தோட்டத்து அன்பர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009-இல் சிலாங்கூரில் மாண்ட குகனை நாம் மறக்கவில்லை. அவர் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்கக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்ததையும் மறக்கவில்லை. சிகிச்சை குற்றத்திற்கு மன்னிப்பாகாது. ஆனால் ஆற்றப்படாத சினமும் அச்சமும் யார்மேல் இறங்குமென்று எண்ணிப் பாருங்கள். கையில் துப்பாக்கியுள்ளவன் மனநலம் அவன் சொந்த விஷயம் மட்டுமன்று. ஏழையின் பாதுகாப்பும் அதிலே அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுக் காவல் துறை பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018-இல் காவலருக்கும் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கியது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமென்ற சட்டப்பிரிவை மலேசியா 2023-இல் நீக்கியது. சட்டம் மாறினும், மனம் நொந்தவனைப் பைத்தியம் என்றும் பேய் பிடித்தவன் என்றும் ஏசும் நாக்கு மாறவேண்டாமா? அதை மாற்றுவது எழுத்தாளன் தொழில். மாண்டவனுக்கு நினைவுக்கல் நாட்டியாயிற்று. பிழைத்தவனுக்கு ஒரு கதையேனும் எழுத நம்மில் யார் முன்வருவார்?