பெல் கான்டோ நகைச்சுவை இசைநாடகத்தின் ஈர்ப்பு: ‘டான் பாஸ்குவாலே’யை முன்வைத்து

இத்தாலிய இசைநாடக வரலாற்றில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைப் பெல் கான்டோ காலம் என்பர். அழகிய பாடல் என்பது இத்தொடரின் பொருள். சீரான மூச்சும், இழையறாத நீண்ட இன்னிசையும், நுண்ணிய குரல் அணிகளும் இம்மரபின் அடிப்படைகளாகும். ரோசினியின் ‘செவில் நகர நாவிதன்’ (1816), டோனிசெட்டியின் ‘காதல் மருந்து’ (1832), ‘டான் பாஸ்குவாலே’ (1843) ஆகியன இம்மரபின் நகைச்சுவைப் படைப்புகளுள் இன்றும் மேடையேறி வருவன. இவற்றின் கதைகள் எளியவை. பாத்திரங்களோ பழகிய அச்சில் வார்க்கப்பட்டவை. அவ்வாறிருந்தும் இவை நம்மை ஈர்ப்பது எதனால்? இவ்வினாவுக்கு, 1843 சனவரியில் பாரிசில் அரங்கேறிய ‘டான் பாஸ்குவாலே’யின் ஒரு காட்சியைக் கொண்டு விடை காண முயல்வோம்.

பாஸ்குவாலே உரோமில் வாழும் எழுபது வயதை ஒட்டிய செல்வர். ஏழைக் கைம்பெண்ணான நோரினாவை மணக்க விரும்பும் மருகன் எர்னெஸ்டோவை வீட்டைவிட்டு வெளியேற்றித் தாமே மணமகனாக முனைகின்றார். மருத்துவர் மாலடெஸ்டாவோ நோரினாவையே கன்னிமடத்தில் வளர்ந்த தம் தங்கை எனக் காட்டிப் போலித் திருமணம் நடத்துகின்றார். மணம் முடிந்ததும் அடக்கமே உருவான அப்பெண் அடங்காப்பிடாரி ஆகின்றாள்.

இவ்வகை நாடகங்களில் காதலர்க்கு நீண்ட இன்னிசையும், நகைப்புக்குரிய கீழ்க்குரல் பாத்திரத்துக்குச் சொற்கள் நெருங்கி விழும் விரைபாட்டும் பெரும்பாலும் உரியனவாகும். எர்னெஸ்டோவின் துயரப் பாடலையும், பாஸ்குவாலேயும் மாலடெஸ்டாவும் சேர்ந்து பாடும் விரைபாட்டையும் ஒருங்கே கேட்போர் இப்பாகுபாட்டை எளிதில் உணரலாம்.

இவ்வெல்லை மூன்றாம் அங்கத்தில் தளர்கின்றது. நாடக அரங்கிற்குப் புறப்படும் நோரினாவைப் பாஸ்குவாலே தடுக்கின்றார். அவர் கன்னத்தில் அறை விழுகின்றது. உடனே இசையின் விரைவு தணிகின்றது. எல்லாம் முடிந்தது என முதியவர் தமக்குள் புலம்புகின்றார். இப்பாடம் கடுமையானது என நோரினாவும் உள்ளூர உணர்கின்றாள். ஆயினும் அவள் தன் வேடத்தைக் கலைத்தாளில்லை. துள்ளும் நடையில் அவரை எள்ளிப் பாடியே வெளியேறுகின்றாள்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும், அழுகையின் நிலைக்களன்களுள் இளிவையும் வைக்கின்றது. பாஸ்குவாலேயின் கன்னத்தில் விழுந்த அறை, அவரை முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரு நொடியில் இடம்பெயர்க்கின்றது எனலாம்.

முதுமையில் மணம் நாடுபவன் துன்பத்தைத் தேடிக்கொள்கின்றான் என்ற நீதியோடு நாடகம் முடிகின்றது. கதையுரையை மட்டும் படிப்போர்க்கு அந்நீதியே எஞ்சும்; முதியவரின் அவமானம் நகைப்பாகவே நின்றுவிடும். இசையோ அவரது துயரத்துக்கும் இடமளித்து, நம் சிரிப்பை நாமே ஐயுறச் செய்கின்றது. யாரை எள்ளி நகைத்தோமோ அவர்பாலே நம்மை இரங்க வைக்கும் இத்திறனே இந்நாடகத்தின் ஈர்ப்புக்குத் தலையாய காரணம் என்பது நம் துணிபு.