மாறிய நீரா, மாற்றிய நீரா?

இரண்டு வாரமாகப் பெலுகா பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எனக்கே இருந்த குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பெலுகா என்ற பெயரில் உலவுவது ஒன்றல்ல, இரண்டு உயிர்கள். ஒன்று, வடதுருவக் கடல்களிலும் அதை ஒட்டிய குளிர்நீரிலும் வாழும் வெள்ளைத் திமிங்கலம். இன்னொன்று, காஸ்பியன், கருங்கடல் பக்கத்து ஸ்டர்ஜன் மீன். பணக்காரர்கள் ஸ்பூனில் எடுத்துத் தின்கிற பெலுகா கேவியர் இதன் முட்டைதான். இரண்டுக்கும் பெயர் வந்தது ‘வெள்ளை’ என்ற ரஷ்யச் சொல்லிலிருந்து. ரஷ்யர்கள் மீனை பெலுகா என்றும் திமிங்கலத்தை பெலூஹா என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நாம்தான் கலந்துவிட்டோம்.

இரண்டைப் பற்றியும் நான் படித்த அறிமுகக் கட்டுரைகள் பல ஒரே மாதிரி தொடங்குகின்றன: ‘மாறிவரும் நீர்ச்சூழலில்...’ இந்தச் சொல்தான் என் பிரச்சினை. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்தது ஞாபகம் இருக்கிறதா? திருந்தினான், திருத்தினான். நீர் ‘மாறியது’ என்று எழுதினால் எழுவாய் நீர். ‘மாற்றினார்கள்’ என்று எழுதினால், யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கத் தன்வினை ரொம்ப வசதி.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கழிமுகத்தை எடுத்துக்கொள்வோம். மீன்வளம் குறைந்ததும் பழி வெள்ளைத் திமிங்கலத்தின் மேல் விழுந்தது. 1930களில் க்யூபெக் அரசு அதைக் கொல்பவர்களுக்குப் பணம் கொடுத்தது. விளாடிகோவ் என்ற ஆய்வாளர் செத்த விலங்குகளின் வயிற்றைத் திறந்து பார்த்தார். மீனவர்கள் தேடிய சால்மன் அதில் ஏறக்குறைய இல்லை. தீர்ப்பு முதலில், விசாரணை அப்புறம்! வேட்டைக்குத் தடை வந்தது 1979இல்தான்.

1980களில் கரை ஒதுங்கிய உடல்களை ஆய்வாளர்கள் அறுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். காட்டுவிலங்குகளில் எதிர்பார்க்காத அளவுக்குப் புற்றுநோய். சந்தேகம், சாக்னே ஆற்றங்கரை அலுமினிய உருக்காலைகள் வெளியேற்றிய நச்சு ஹைட்ரோகார்பன்கள் மேல் திரும்பியது. 1970களில் அந்தக் கழிவு குறைக்கப்பட்டிருந்தது. 1983 முதல் 2012 வரை பரிசோதித்த 200க்கும் மேற்பட்ட உடல்களைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது: 1971க்குப் பிறகு பிறந்தவற்றில் புற்றுநோய் காணப்படவில்லை. இது நேரடி நிரூபணம் இல்லை, பொருந்திவருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் எவ்வளவு பெரிய செய்தி! ‘யார்’ என்று கேட்டதால்தான் இதைத் தேடவே முடிந்தது.

மீன் கதையில் எழுவாய் இன்னும் தெளிவு. பெலுகா ஸ்டர்ஜன் காஸ்பியனில் வளர்ந்து, முட்டையிட வோல்கா ஆற்றில் ஏறும். 1950களின் கடைசியில் வோல்கோகிராட் அணை ஆற்றை மறித்தது. முட்டையிடும் இடங்களில் பெரும்பகுதி அணைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பெண்மீன் பருவத்துக்கு வர 15 வருடத்துக்கு மேல் ஆகும். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கேவியருக்கான திருட்டு மீன்பிடி வேறு. 1998இல் எல்லா ஸ்டர்ஜன்களும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2022இல், மிஞ்சியிருக்கும் 26 இனங்களும் அழிவின் அபாயத்தில் இருப்பதாக ஐயுசிஎன் அறிவித்தது. அணையும் திருட்டும்தான் பட்டியலில் முன்னால் நிற்கின்றன.

அப்போ காலநிலை மாற்றம் பொய்யா? இல்லவே இல்லை. காஸ்பியன் மட்டம் 1990களின் நடுவிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெப்பம் கூடி ஆவியாவது அதில் முக்கியக் காரணம். செயின்ட் லாரன்ஸில் பனி குறைகிறது. 2008க்குப் பிறகு அங்கே திமிங்கலக் குட்டிகள் அதிகமாகச் செத்ததற்கு நீரின் சூடு, கப்பல் இரைச்சல், இரை, தீத்தடுப்பு வேதிப்பொருள் எனப் பல காரணங்களை ஆராய்கிறார்கள். சிக்கலான விஷயம், ஒப்புக்கொள்கிறேன்.

என் குறை ஆய்வாளர்கள் மேல் இல்லை. அறிக்கைக்குள்ளே ஆலை, அணை, கப்பல் எல்லாம் பெயரோடு இருக்கின்றன. முன்னுரைக்கும் செய்திக்கும் வரும்போது அவை கரைந்து, ‘மாறும் நீர்’ மட்டும் மிஞ்சுகிறது. கடல் சூடாவதை ஒரு மாநில அரசால் நிறுத்த முடியாது. கப்பலை மெதுவாகப் போகச் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே சொல்லில் மூடினால், செய்ய முடிந்ததும் செய்ய முடியாததோடு சேர்ந்து போய்விடுகிறது.

இனி இப்படி ஒரு கட்டுரை கண்ணில் பட்டால் வினைச்சொல்லை ஒருமுறை பாருங்கள். ‘மாறியது’ என்று இருந்தால் அதை ‘மாற்றினார்கள்’ என்று திருத்திப் படியுங்கள். எழுவாய் கிடைக்கிறதா என்று தேடுங்கள். சில இடங்களில் கிடைக்காது. வோல்காவில் கான்கிரீட்டாகவே நிற்கிறது.