பத்து எக்டேருக்கு ஒரு கைப்பிடி மண்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்துக் கடலைக் கொல்லை ஒன்றில் மேற்கு வரப்பிலிருந்து கிழக்கே நடந்து பாருங்கள். முதலில் காலடியில் செம்புராங்கல் சரளை நறநறக்கும். நடுவில் வெறும் செம்மண். வாய்க்கால் ஓரம் சரிவுக்குப் போனால் ஈர மண்ணை உருண்டையாகப் பிடிக்கலாம். மொத்த நிலமே இரண்டு ஏக்கர்தான்.

2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று என்று கணக்கு வைத்தது. பத்து எக்டேர் என்பது இருபத்தைந்து ஏக்கர். தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரிப் பரப்போ, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 எக்டேர். ஆக, சுமார் பதின்மூன்று குடும்பங்களின் கொல்லைகளுக்கு ஒரே முடிவு. அட்டையில் பெயர் உங்களுடையது, மண் பக்கத்துக் கொல்லையுடையதாக இருக்கலாம்.

அந்த அட்டையை நான் வீண் என்று சொல்லமாட்டேன். தழை, மணி, சாம்பலோடு நின்றுவிடாமல் துத்தநாகம், போரான், கார அமில நிலை என 12 அளவுகளை ஊருக்குக் கொண்டுவந்தது அதுதான். ஒரு வட்டாரத்தில் எந்தச் சத்து பொதுவாகக் குறைகிறது என்று அறிய அது போதும். என் கொல்லையில் எத்தனை மூட்டை போடுவது என்பதற்குப் போதாது.

அப்படியானால் இன்னும் நுணுக்கமாக, அரை ஏக்கருக்கு ஒரு மாதிரி எடுத்து ஜிபிஎஸ் வைத்து வரைபடம் போடலாமா? அமெரிக்க மக்காச்சோளப் பண்ணைகளில் 2.5 ஏக்கருக்கு ஒரு மாதிரி என்பது சாதாரண வழக்கம். அங்கே ஒரு பண்ணை நூற்றுக்கணக்கான ஏக்கர். வரைபடத்தைப் படித்து இடத்துக்கு இடம் உரத்தைக் கூட்டிக் குறைக்கும் இயந்திரமும் உண்டு. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது கை. சரளை மேட்டில் ஒரு பிடி கூட்டி, பள்ளத்தில் குறைத்து வீசத் தெரிந்த கை அது. எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஓர் எண் மட்டுமே அதற்கு வேண்டும்.

பணக் கணக்கும் இதையே சொல்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசு. அதில் கால் மூட்டையை மிச்சம்பிடிக்க வரைபடம் போட்டால் கட்டுப்படியாகாது. யூரியா தரும் தழைச்சத்தோ ஒரு நல்ல மழையில் கரைந்து போவது. போன வருட எண்ணை நம்பி இந்த வருடம் உரம் போட முடியாது. மணிச்சத்து தரும் டிஏபி அப்படியல்ல, மூட்டை 1,350 ரூபாய். மணிச்சத்து மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதாகச் சோதனை காட்டினால், விடுகிற ஒரு மூட்டையிலேயே செலவு திரும்பிவிடும். ஆனால் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அங்கே கார அமில நிலையைப் பார்க்காமல் மூட்டையை மட்டும் கூட்டுவது காசைப் புதைப்பதுதான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. அந்தப் 12 அளவுகளில் மண்ணின் ஆழம் இல்லை, சரளை எவ்வளவு என்பது இல்லை, எத்தனை நாள் ஈரம் நிற்கும் என்பதும் இல்லை. கண்மாயும் மழையும் பொய்த்தால் புதுக்கோட்டைக் கடலையைக் காயவைப்பது இவைதான். தருமபுரி, கிருஷ்ணகிரியில் வேளாண் பல்கலைக்கழகம் 2004-05இல் தொடங்கிய துல்லியப் பண்ணையத்திலும், என் பார்வையில், பலன் தந்தவை அடிமண் இறுக்கத்தை உடைத்த உளிக்கலப்பையும் சொட்டுநீரும்தான். ஒரு கடப்பாரையை நாலு இடத்தில் இறக்கிப் பார்த்தால் தெரிவது எந்த ஆய்வகத் தாளிலும் வராது.

ஆகவே கட்டம் போட வேண்டாம், கால் சொல்கிறபடி பிரித்தால் போதும் என்பேன். மேடு, நடு, பள்ளம் என மூன்று. வரப்பு ஓரம், எருக்குப்பை போட்ட இடம், மர நிழல் இவற்றை விட்டுவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நாலாகப் பங்கிட்டு, எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ ஆக்க வேண்டும். நிழலில் உலர்த்தி மூன்று துணிப்பை, மூன்று சீட்டு. ஆடிப் பட்டத்துக்கு முன்பே வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், விதைப்புக்கு முன் முடிவு கைக்கு வரும். சரளை மேட்டுக்கு எந்த எண் வந்தாலும், அங்கே முதலில் போட வேண்டியது கண்மாய் வண்டல்.