பாட்டின் பொருளும் முன்னமும்

பாட்டொன்றின் பொருள் யாது என்னும் வினாவிற்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. முதலாவது பதவுரை. அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறி, அடிகளை உரைநடையாக மாற்றிவிட்டால் பாட்டு விளங்கிவிட்டதெனக் கொள்வது இம்முறை. இரண்டாவதைக் கதையுரை எனலாம். புலவன் அப்பாட்டை எப்போது, எவர்பொருட்டு இயற்றினான் என்ற செய்தியைக் கூறி, அதுவே பாட்டின் உட்பொருள் என முடிப்பது அது. வகுப்பறையில் முதலாவது முறையும், திரைப்படம், வானொலி வாயிலாகப் பரவிய பாடல்களைப் பற்றிய உரையாடல்களில் இரண்டாவது முறையும் செல்வாக்குடையன. இரண்டும் பயனற்றவையல்ல. எனினும், பாடல் என்பது ஒருவரால் ஓரிடத்தில் இன்னொருவர் கேட்கச் சொல்லப்படுவது என்ற அடிப்படை உண்மையை இவ்விரு முறைகளும் போதியளவு கருத்திற் கொள்வதில்லை. இக்குறை எத்தகைய விளைவுகளைத் தருகிறது என்பதை இரு பாடல்களைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கான கருவிகளை நாம் வேற்றுமொழித் திறனாய்வாளரிடம் கடன்பெற வேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு செய்யுளுறுப்புகளுள் மாத்திரை, அசை, சீர், அடி என்பன யாப்புப் பற்றியவை. இவற்றையே நாம் பெரிதும் படிக்கிறோம். ஆனால் அதே வரிசையில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் உறுப்புகளாகவே எண்ணப்பட்டுள்ளன. சொல்பவர் யார், கேட்பவர் யார், நிகழுமிடம் எது, பொழுது எது என்பன பாட்டிற்குப் புறம்பான செய்திகள் அல்ல. அசையும் சீரும் போல அவையும் செய்யுளின் பகுதிகள் என்பதே இதன் கருத்து. இவற்றுள் முன்னம் சிறப்பாகக் கவனத்திற்குரியது. இவ்விடத்தில் இம்மொழி இன்னாருக்கு இன்னார் கூறத்தக்கது என்பதைக் கேட்போன் குறிப்பால் உணருமாறு அமைவதே முன்னம். சொல்லாது விடப்பட்டதை நிரப்பிக்கொள்ள இடந்தருவது எச்சம். பாட்டின் பொருள் என நாம் தேடுவது பெரும்பாலும் இவ்விரண்டின்பாற்பட்டதே.

முதலில் பாரதியின் 'கண்ணன் பாட்டி'ல் 'கண்ணம்மா - என் குழந்தை' என்னும் தலைப்பில் அமைந்த பாடலை நோக்குவோம். 1917இல் நெல்லையப்பரின் முயற்சியால் வெளிவந்த இந்நூலில், கண்ணன் தோழனாகவும் தாயாகவும் சேவகனாகவும் காதலியாகவும் வெவ்வேறு உறவுகளிற் காணப்படுகிறான். குழந்தைப் பாடலுக்குக் கவிஞர் ஒரு குறிப்பு எழுதினார்: பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு பாடியது என்பது அதன் கருத்து. பைரவி இராகமும் ரூபக தாளமும் குறித்தார். ஆயினும், 1951இல் வெளிவந்த 'மணமகள்' திரைப்படத்தில் சி. ஆர். சுப்பராமனின் இசையில் எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடிய பின்னர், இப்பாடல் தமிழ் மக்களிடையே பெரும்பாலும் தாயொருத்தியின் தாலாட்டாகவே வழங்கிவருகிறது. கச்சேரி மேடைகளில் பைரவியை விட இராகமாலிகை வடிவமே நிலைபெற்றுள்ளது. இன்னொரு சாரார், கவிஞருக்குத் தங்கம்மாள், சகுந்தலா என இரு பெண்மக்கள் இருந்தமையைச் சுட்டி, இது தம் மகளைப் பாடியதே என்பர். ஆகவே பராசக்தி, மகள், பொதுவான குழந்தை என மூன்று பொருள்கள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றுள் எது மெய்ப்பொருள்?

பாடலின் உள்ளே சென்று கூற்றைத் தேடுவோமாயின் சில உண்மைகள் புலனாகும். பேசுவோர் தாயா தந்தையா என்பதற்கு இலக்கணச் சான்று எதுவுமில்லை. ஆனால் முன்னம் உண்டு. தன் மூர்க்கத்தைக் குழந்தையின் சிரிப்புத் தணிப்பதாகப் பேசுவோர் ஓரிடத்திற் கூறுகிறார். தாலாட்டுப் பாடும் தாயின் வாயில் 'மூர்க்கம்' என்ற சொல் எளிதிற் பொருந்துவதில்லை. உலகத்தோடு மோதிச் சினந்து வீடுதிரும்பும் ஒருவரின் தன்னறிவு அதில் ஒலிக்கிறது. இனி, முத்தமிடுகையில் உள்ளம் கள்வெறி கொள்வதாகவும், தழுவுகையில் உன்மத்தம் உண்டாவதாகவும் வருவன குழந்தையன்பின் வழக்கமான சொற்களல்ல. அவை அடியார் மொழிக்குரியவை. குழந்தையின் முகம் சிவப்பதையும் நெற்றி சுருங்குவதையும் கண்டு நெஞ்சு பதைப்பதாகக் கூறுவதிலும் இவ்விரட்டைத் தன்மை உண்டு. குழந்தை அழப்போகிறதே எனப் பெற்றோர் பதைக்கலாம். சக்தியின் சினத்தை அஞ்சி அடியவரும் பதைக்கலாம். அவ்வாறாயின் பராசக்திப் பொருளே முடிந்த முடிபாகுமா? அதற்கும் பாடல் இடந்தரவில்லை. அன்பு தருவதில் இக்குழந்தைக்கு ஈடான தெய்வம் உண்டோ எனப் பேசுவோர் வினவுகிறார். தெய்வத்தையே முன்னிறுத்திப் பாடுவோர்க்கு இவ்வொப்பீடு தேவையில்லை. குழந்தை குழந்தையாகவே இருந்தால்தான் அவ்வினாவிற்கு வலிமை உண்டு.

எனவே, தெய்வத்திற்கும் குழந்தைக்குமிடையே தேர்ந்தெடுக்குமாறு இப்பாடல் நம்மைக் கேட்கவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது. பிள்ளைத்தமிழ் மரபில் தெய்வம் குழந்தையாகப் பாவிக்கப்படினும், அதன் தெய்வத்தன்மை பாடல்தோறும் நினைவூட்டப்படும். பாரதியோ அந்நினைவூட்டலைத் தலைப்பின்கீழ் ஒரு வரிக்குறிப்பில் வைத்துவிட்டு, பாடலை வீட்டு முற்றத்திற்குக் கொண்டுவந்துவிடுகிறார். குறிப்பு அச்சில் உண்டு, செவிக்கு இல்லை. நூலில் வாசிப்போர் கேட்கும் பாடலும், குறிப்பு நீங்கிய நிலையில் வானொலியிற் கேட்போர் கேட்கும் பாடலும் ஒரே சொற்களாலானவையாயினும், கூற்றும் கேட்போரும் மாறியமையால் வெவ்வேறு பொருள் தருகின்றன. கச்சேரிகளில் எல்லாக் கண்ணிகளும் பாடப்படுவதில்லை. மூர்க்கத்தைக் கூறும் கண்ணி விடுபடுமாயின் பேசுவோரின் இயல்பே மாறிவிடும். 'கண்ணன் பாட்டி'ன் இரண்டாம் பதிப்பிற்கு முன்னுரை எழுதிய வ. வே. சு. ஐயர், கவிதையழகில் ஈடுபட்டுப் பண்ணழகை மறந்துவிடலாகாது என எச்சரித்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மகளைப் பற்றிய கதையுரையை இப்போது மதிப்பிடலாம். தம் குழந்தைகளின் மீது கவிஞர் கொண்ட அன்பு இப்பாடலுக்கு ஊற்றாக இருந்திருக்கலாம். ஆனால் ஊற்று வேறு, பொருள் வேறு. பாடல் மகளைப் பற்றியது என்று கூறியதும், மூர்க்கமும் உன்மத்தமும் தெய்வ ஒப்பீடும் விளக்கம் வேண்டாத மிகையுரைகளாகிவிடுகின்றன. கேட்போன் தேடலை நிறுத்திக்கொள்கிறான். பாட்டைத் திறப்பதற்குப் பதிலாக மூடிவிடும் விளக்கம் எத்துணை உண்மையான செய்தியை உடையதாயினும் திறனாய்வாகாது.

இயற்றியவர் பெயர் தெரியாத பாடல்களில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. மலையகத் தோட்டத் தொழிலாளரிடையே வழங்கிய நாட்டார் பாடல்களுட் பலராலும் எடுத்துக்காட்டப்படும் சிறு பாடல் ஒன்றுண்டு. தன் ஊரையும் ஒற்றைப்பனைத் தோப்பையும் இழந்ததாகத் தொடங்கி, பேர்பெற்ற கண்டியிலே பெற்ற தாயை மறந்துவிட்டதாக முடிவது அது. இதன் பதவுரைக்கு ஒரு நிமிடம் போதும். கண்டி என்பது நகரை மட்டுமன்றி மலைத்தோட்டப் பகுதி முழுவதையும் தென்னிந்தியக் கிராமத்தார் வழங்கிய பெயர் என்ற ஒரு குறிப்பை மட்டும் சேர்த்தால் போதுமானது. ஆனால் பொருள்? முதலிரு கூறுகளிலும் இழத்தல் என்ற வினை வர, தாயைப் பற்றிப் பேசும்போது அது மறத்தலாக மாறுகிறது. பாடலின் உயிர் இவ்வினைமாற்றத்தில் உள்ளது.

ஊரிலிருக்கும் உறவினர் வாயிலாக இதைக் கேட்டால், பிழைக்கப்போன இடத்தின் வாழ்வில் மயங்கித் தாயைக் கைவிட்ட பிள்ளையின் மீதான குற்றச்சாட்டாக அது ஒலிக்கும். தோட்டத்து லயத்திலிருந்து கேட்டால், 'பேர்பெற்ற' என்ற அடை எள்ளலாகிவிடுகிறது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியிற் பலரை நோய்க்குப் பறிகொடுத்து, கங்காணியின் கடனுக்கும் 1921 வரை நடைமுறையிலிருந்த துண்டு முறைக்கும் கட்டுப்பட்டு வாழ்ந்தோர்க்கு, ஊர் திரும்புதல் தம் விருப்பத்தால் மட்டும் ஆகக்கூடிய காரியமன்று. அந்நிலையில் மறந்தேன் என்பது மறக்கவைக்கப்பட்ட ஒருவரின் தன்னிகழ்ச்சிக் கூற்று. செய்த குற்றமல்லாத ஒன்றைக் குற்றமாக ஏற்றுக்கொள்ளும் துயரம் அதில் உண்டு.

இன்னும் ஒன்று. 'கண்டியிலே' என்ற சொல் ஈற்று வினையோடு சேருமா, தாயோடு சேருமா என்பது தொடரமைப்பால் உறுதிப்படவில்லை. கண்டியிலிருந்து கொண்டு ஊரிலுள்ள தாயை மறத்தல் ஒரு பொருள். கண்டியிலேயே தன்னைப் பெற்ற தாயை மறத்தல் மற்றொரு பொருள். முதற்றலைமுறையினர்க்கு முன்னையது இயல்பு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும் 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதெனவும் வகுத்த 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறையினர் செவியில் பின்னைய பொருள் விழக்கூடும். அவர்களுக்கு இழந்த ஊரும் பெற்ற தாயும் மலையகத்திலேயே இருந்தன. சொல் மாறவில்லை, கேட்போரும் காலமும் மாறினர்.

பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வருந்திய பெண்களைப் பற்றிப் பாரதி பாடிய பாடலோடு இதனை ஒப்பிட்டால் கூற்றின் இன்றியமையாமை தெளிவாகும். பாரதியின் பாடல் துயருற்றோர்க்காகத் தொலைவிலிருந்து ஒருவர் எழுப்பும் குரல்; கேட்போரின் இரக்கத்தையும் சினத்தையும் தூண்டுவதே அதன் பயன். மலையகப் பாடல் துயருற்றோரே தம்முட் பாடிக்கொண்டது. அது எவரிடமும் இரக்கம் வேண்டவில்லை. இரண்டையும் 'தொழிலாளர் துயரப் பாடல்கள்' என ஒரே தலைப்பின்கீழ் அடக்குவது, பயனையும் கேட்போரையும் மறந்த வகைப்பாடாகும்.

இவ்வாறு கூறுவதால் கேட்பவர் எவரும் எப்பொருளும் கொள்ளலாம் என்பது பெறப்படாது. ஒரு விளக்கம் பாடலின் சொற்கள் அனைத்திற்கும் இடமளிக்கிறதா, இடர்தரும் சொல்லை ஒதுக்கிவிடுகிறதா என்பது முதற் சோதனை. இன்னார் இன்னாருக்குக் கூறியது என்று அவ்விளக்கம் வெளிப்படையாக உரைக்கிறதா என்பது இரண்டாவது. பிற்காலத்துக் கேட்போர் கண்ட பொருளை முற்காலத்துப் பாடியோர் மீது ஏற்றாது, காலத்தைக் குறித்துச் சொல்கிறதா என்பது மூன்றாவது. நாடற்றோர் காலத்துப் பொருளை முதற்றலைமுறையினரின் கருத்தென நாம் எழுதினால் இம்மூன்றாவது சோதனையில் தோற்றுவிடுவோம்.

சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் வெளியிட்ட 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' போன்ற தொகுப்புகள் இல்லையேல் இத்தகைய ஆய்வுக்கே இடமிராது. எஞ்சியிருக்கும் பாடல்களைத் திரட்ட விரும்பும் மாணவர், சொற்களோடு பாடியவரின் வயதையும் தொழிலையும், பாடிய இடத்தையும், உடனிருந்தோரையும், மெட்டையும், பாடியவரே கூறும் விளக்கத்தையும் குறித்துவைத்தல் வேண்டும். சொற்களை மட்டும் எழுதிவைத்தால், தாயை மறந்ததாகப் பாடியவர் தம்மைத் தாமே நொந்தாரா, அன்றேல் எவரையேனும் குற்றஞ்சாட்டினாரா என்பதை அறிய நமக்குப் பின்வருவோர்க்கு வழியிராது.