உருளைக்குள் ஓர் ஏரி

மின்னழுத்தத்தைக் குறைக்கும் தீப்பெட்டியளவுப் பலகை. நடுவே எல்எம்2596 சில்லு. இரு ஓரங்களிலும் வெள்ளி உருளைகளாய்க் கெபாசிட்டர்கள். சில்லு நொடிக்கு 1,50,000 முறை மின்சாரத்தைத் திறந்து மூடும். அந்தத் துள்ளலையெல்லாம் ஏரிபோல் தேக்கி, சீராக வெளியே விடுபவை இந்த உருளைகள்தான்.

உருளையின் உச்சந்தலையில் உள்ள எழுத்தைப் பார்ப்பேன். 24 வோல்ட் நுழையும் இடத்தில் 25 வோல்ட் உருளையா? கழற்றிவிடுவேன். 50 வோல்ட் என்றால் நிம்மதி. பிறகு முழுச் சுமையில் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, விரலால் தொடுவேன். சுட்டால் உள்தடை அதிகம் என்ற சந்தேகம் வரும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பு. தலை உப்பியிருந்தால் பேச்சே இல்லை, குப்பைக்கூடைதான்.

நல்ல உருளை ஒன்றை மாற்றிப் பற்றவைத்ததும், அந்தப் பலகையில் ஓடும் ரேடியோவின் இரைச்சல் சட்டென அடங்கும். அந்த அமைதிக்கு விலை சில ரூபாய்தான்.