யாருடைய அச்சுக்கூடம்?

'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் அச்சிட்டு வந்த சிறுபத்திரிகைகளுக்கு அந்தச் சொற்கள் வெறும் சட்டப் பாதுகாப்பு அல்ல. எழுத்தோடு அதன் உற்பத்தியையும் விநியோகத்தையும் நம் கையிலேயே வைத்திருப்போம் என்கிற அறிவிப்பும்கூட. ஒரு பிரதி உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைவிட, அவ்வுறவுகளுக்குள் அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம் என்றார் வால்ட்டர் பெஞ்சமின், 1934-இல். இன்று நம் எழுத்து எங்கே நிற்கிறது?

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நண்பர் ஒருவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து எழுதிய குறிப்புகளைச் சமூக ஊடகமொன்றில் போட்டு வந்தார். மூன்று வருட எழுத்து. ஒருநாள் கணக்கு பூட்டப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. "கம்பெனியக் கேட்டா கான்ட்ராக்டரக் கேளுங்கறான், கான்ட்ராக்டர் கம்பெனியக் கேளுங்கறான். இங்க கேக்கறதுக்கு ஆளே இல்லியே தோழர்" என்றார். உழைப்பைப் போலவே எழுத்தும் ஒப்பந்த முறைக்குள் வந்துவிட்டது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

அதன்பிறகுதான் சொந்தத் தளம் பற்றி யோசித்தோம். வழங்கியில் கொஞ்சம் இடம், ஒரு பெயர், இரண்டுக்கும் வருட வாடகை. வேர்ட்பிரஸ் கோப்புகளை ஏற்றி, ஒரு தரவுத்தளம் உருவாக்கி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை என்பார்கள். எங்களுக்கு இரண்டு இரவுகள் ஆயின. தரவுத்தளம் லத்தீன் குறியேற்றத்தில் உருவாகியிருந்ததால் எழுதியதெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றது. யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் மறுபடி உருவாக்கியதும் தமிழ் வந்தது.

இம்மென்பொருளின் பூர்வீகம் கவனிக்கத்தக்கது. மிஷேல் வால்ட்ரிகி 2001-இல் தொடங்கிய 'பி2' என்ற நிரல் கைவிடப்பட்ட நிலையில், மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003-இல் அதை எடுத்து வளர்த்ததே வேர்ட்பிரஸ். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. குனு பொது உரிமம் அந்த உரிமையை முன்பே எல்லோருக்கும் கொடுத்திருந்தது.

ஆனால் சுதந்திர மென்பொருளும் கருத்தியலுக்கு அப்பாற்பட்டதல்ல. தலைப்பையே முகவரியாக்கும் அமைப்பில் அது முகவரிக்கு ஒதுக்குவது 200 இடங்கள். ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு இடம் போதும். தமிழில் மெய்க்கும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக ஒன்பது இடங்கள். 'ஒப்பந்தத் தொழிலாளர் போராட்டம்' என்று தலைப்பிட்டால் முகவரி 'போரா' என்பதோடு அறுந்துவிடுகிறது! கையால் சுருக்கி எழுதிச் சமாளிக்கலாம்தான். ஆனால் அளவுகோல் யாருக்காக வெட்டப்பட்டது என்பது தெரிந்துவிடுகிறது. ஓசூர்த் தெருவில் புழங்கும் கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எல்லை மொழிகள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டிருக்க, மையம் வேறெங்கோ இருந்து அளந்துகொண்டிருக்கிறது.

'சொந்தம்' என்பதையும் கட்டுடைத்துப் பார்க்கத்தான் வேண்டும். இயந்திரம் நம்முடையதல்ல, வாடகை நின்றால் தளமும் நிற்கும். 2024-இல் வேர்ட்பிரஸ் தலைமைக்கும் ஒரு வழங்கி நிறுவனத்துக்கும் தகராறு மூண்டபோது, அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் புதுப்பித்தல்கள் வரும் வழி அடைக்கப்பட்டது. அப்படியானால் என்ன வித்தியாசம்? வெளியேற முடியும் என்பதுதான். தரவுத்தளத்தின் நகலும் படங்களின் கோப்புறையும் கையில் இருந்தால் வேறொரு வழங்கியில் மறுபடி கடை விரிக்கலாம். 2009-இல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியபோது நகல் வைத்திராதவர்கள் பலரின் பக்கங்கள் போனது போனதுதான்.

இன்னொரு கேள்வி நமக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் தளத்தின் கடவுச்சொல் ஆறு மாதமாக என் ஒருவனிடம்தான் இருந்தது. நண்பர் எழுதி அனுப்புவார், நான் ஏற்றுவேன், கூடவே 'சின்னச் சின்னத்' திருத்தங்களும் செய்வேன். "எம் பேச்ச ஏன் புத்தகத் தமிழா மாத்திட்டீங்க?" என்று அவர் கேட்ட அன்றுதான், பூட்டியவர்களின் இடத்தில் நானும் உட்கார்ந்திருப்பது உறைத்தது. இப்போது சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. மாற்றியதையெல்லாம் அவர் திரும்ப மாற்றிவிட்டார்.

ஆசிரியரோடு செத்துப்போன சிறுபத்திரிகைகள் நம்மிடம் நிறைய. அச்சுக்கூடம் யாருடையது என்று கேட்பவர்கள், அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் சேர்த்தே கேட்கட்டும்.