நிலத்தின் அழகும் அதைச் சொல்லும் உரிமையும்

வறண்ட பூமி என்று பிறர் பெயரிட்ட மண்ணில் வாழ்கிறவர்கள் நாம். அருப்புக்கோட்டையைக் கடந்து திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று செல்லச் செல்ல, வானம் பார்த்த புன்செய்களும், மழை பெய்தால் மட்டும் நிறைகிற கண்மாய்களும், பனை வரிசைகளும், இவை எல்லாவற்றையும் நெருக்கி வளர்ந்துவிட்ட சீமைக் கருவேலங்காடுகளுமே கண்ணில் படுகின்றன. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இம்மண்ணைப் பற்றி எழுத முனைகிறவர்களின் பேனாவில் 'வறட்சி' என்ற சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. இங்கும் அழகு உண்டு என்று எழுதுகிறவர்கள் சிலரே. ஆடு மேய்ப்பவரும், கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுபவரும், மடை திறந்து நீர் பாய்ச்சுபவரும் அந்த அழகைக் கண்டு மகிழ்ந்தவர்கள் என்று எழுதுகிறவர்கள் அவர்களினும் சிலர்.

இயற்கையைக் கண்டு மகிழும் உரிமையைத் தமிழ் இலக்கியம் யாருக்கு வழங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் வினா. பறவை நோக்கல், மலையேற்றம், காட்டுநடை என்று இயற்கை எழுத்து இன்று தமிழில் செழித்து வளர்கிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அப்பக்கங்களில் இயற்கையைத் தேடிச் செல்பவர் பெரும்பாலும் நகரத்திலிருந்து வருகிறவர். வழிகாட்டியாக வரும் உள்ளூர்க்காரருக்குப் பல வேளைகளில் பெயர்கூட இருப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு நேற்றுத் தோன்றியதன்று.

நம் திணை மரபு மனிதரை நிலத்திலிருந்து பிரித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். கருப்பொருள் என்னும் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் அனைத்தும் ஒன்றாகவே வருகின்றன. மரமும் பறவையும் மட்டுமே இயற்கை என்ற எண்ணம் தமிழருடையதன்று. ஆனால் அதே தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் மற்றொரு விதியும் இருக்கிறது. அடியோரையும் வினைவலரையும் அது 'புறத்து' வைத்துப் பேசுகிறது. ஐந்திணைக்குப் புறம்பான கைக்கிளை, பெருந்திணை ஆகியவற்றுக்கே அவர்கள் உரியர் என்று உரையாசிரியர் இளம்பூரணர் விளக்குகிறார். ஏவல் செய்து வாழ்பவருக்கு நிலத்தோடு இயைந்த நிறைந்த காதல் வாழ்வு இல்லை என்பதே இதன் உட்பொருள். நிலத்தில் உழைப்பவரும் நிலத்தின் உணர்வுக்கு உரியவரும் வேறு வேறானவர் என்ற கோடு அத்துணைத் தொன்மையானது.

அந்தக் கோட்டின் மேல் கால் வைத்து நடந்த நூல்களுள் ஒன்றாக, பாமாவின் 'கருக்கு' நூலை நாம் கருதுகிறோம். 1992ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூல் நம் விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தது. தலித் கிறிஸ்தவப் பெண் ஒருவர் தம் வாழ்வைத் தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. அது வந்த நாள்முதல் அதைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. தன்வரலாறு, சாதிக் கொடுமையின் சாட்சியம், துறவற வாழ்வின் மீதான விமர்சனம் என்ற மூன்று நோக்குகளே அவற்றுள் மேலோங்கி நிற்கின்றன. மூன்றும் சரியானவையே. ஆனால் அந்நூலின் தொடக்கத்தை மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம்.

பாமா தம் கதையைத் துயரத்தில் தொடங்கவில்லை. ஊரின் அழகில் தொடங்குகிறார். சுற்றியுள்ள மலைகளையும் பாறைகளையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார். கண்மாய்களையும் வயல்களையும் காட்டுகிறார். அதன் பின்னரே தெருக்களுக்கு வருகிறார். எந்தச் சாதிக்கு எந்தத் தெரு, எந்தத் திசை என்பது அப்போதுதான் தெரியவருகிறது. இந்த வரிசைமுறை தற்செயலானதன்று என்பது நம் கருத்து. மலையும் நீரும் முதலில் வருகின்றன. வேலி பிறகு வருகிறது. ஊர் தன்னை ஒதுக்குவதற்கு முன்பே அந்த ஊரைத் தன்னுடையது என்று ஒரு சிறுமி சொல்லிவிடுகிறாள். பின்னால் வரும் இழிவுகள் நம்மைச் சுடுவதற்குக் காரணம் இந்த உரிமைக் குரல் முதலில் ஒலித்ததே. தனக்குச் சொந்தமல்லாத இடத்திலிருந்து விரட்டப்படுவது ஒரு துன்பம். தன் சொந்த இடத்திலேயே அயலாராக்கப்படுவது அதனினும் பெருந்துன்பம்.

நூலின் பெயரையே நோக்குவோம். கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள ரம்பப் பல். விறகு பொறுக்கச் சென்ற சிறுவயதில் அது தம்மைக் கீறியதை முன்னுரையில் நினைவுகூரும் ஆசிரியர், இருபுறமும் கூரான வாளுக்கு இறைவார்த்தையை ஒப்பிடும் எபிரேயர் திருமுகத்தோடு அதனை இணைக்கிறார். வேறொருவர் பனையைப் பார்த்தால் நிழலையும் நுங்கையும் எழுதியிருக்கக்கூடும். மட்டையின் பல்லை அறிய அதைக் கையால் தொட்டிருக்க வேண்டும். இயற்கையைப் பற்றிய அறிவில் கண்ணால் வருவது ஒன்று, தோலால் வருவது மற்றொன்று. 'கருக்கு' இரண்டாவது வகைக்கு இலக்கியத் தகுதி பெற்றுத் தந்தது. அதை இயற்கை எழுத்தின் வரிசையில் வைத்துப் பேச நம் திறனாய்வாளர் பலர் தயங்கியது ஏன்?

தலித் மக்கள் எழுதினால் அது துயரத்தின் ஆவணமாகவே இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இத்தயக்கத்தின் காரணம் எனலாம். இரக்கத்தில் பிறந்த எதிர்பார்ப்புதான். ஆயினும் இரக்கமும் ஒருவரைச் சுருக்கிவிடக்கூடும். அவருடைய காயத்தை மட்டும் பார்க்கிறவர், அவர் சிரித்த நாள்களையும் வியந்து நின்ற பொழுதுகளையும் பார்க்கத் தவறுகிறார்.

கரிசல் இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. கி. ராஜநாராயணன் இந்நிலத்தின் சொற்களைத் தேடித் திரட்டி அகராதியாக்கிய பெருந்தொண்டர். 'கோபல்ல கிராமம்' போன்ற நூல்களில் காட்டைத் திருத்தி ஊராக்கிய குடியானவர் கண்ணால் கரிசலைக் காட்டியவர். அதே கரிசலிலிருந்து வந்த பூமணி, 1979இல் வெளிவந்த 'பிறகு' நாவலில் தோல்வேலை செய்யும் அருந்ததியரான அழகிரியை நடுவில் நிறுத்தினார். கமலை இறைத்த காலத்தில் தோல்வேலை இன்றி வயலுக்கு நீர் ஏறியதில்லை. கிணற்று நீரை மேலே கொணர்ந்தது ஒருவர் தைத்த தோல். அந்நீரைத் தொடும் உரிமை மட்டும் அவருக்கு மறுக்கப்பட்டது. இவ்விரு எழுத்தாளரையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, ஒரே மண் இருவேறு நிலங்களாகத் தோன்றுகிறது. பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' (2000) கொங்குப் பகுதியின் ஆடு மேய்க்கும் பண்ணையச் சிறுவர்களைக் காட்டுகிறது. மேய்ச்சல் வெளியிலும் பனையடியிலும் கிணற்றிலும் அவர்கள் கொள்ளும் களிப்பு உண்மையானது. அந்தி சாய்ந்ததும் திரும்ப வேண்டிய அடிமைத்தனமும் உண்மையானது. களிப்பைக் காட்டியதால் கொடுமை குறைந்துவிடவில்லை. இழப்பது இன்னதென்று தெரிவதால் அது கூடுகிறது.

'பசித்தவனுக்கு நிலவும் ரொட்டியாகத்தான் தெரியும். அவனிடம் அழகைப் பேசலாமா?' என்று கேட்பவர் உண்டு. வேறு சிலரோ, 'ஏழையின் காட்டு வாழ்வை அழகாக எழுதினால் அது வறுமைக்குப் பூச்சூட்டுவதாகாதா?' என்பர். இரண்டாவது கேள்வி நியாயமானது. அந்த ஆபத்து மெய்யாகவே உண்டு. அதற்கு மாற்று, அழகையும் அடக்குமுறையையும் ஒரே பக்கத்தில் வைப்பது. மேற்கண்ட நூல்கள் அதைச் செய்திருக்கின்றன. முதல் கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. பசி மனிதனின் கண்ணைக் குருடாக்குவதில்லை. எந்த மேகம் மழை தரும், எந்தப் பறவை வந்தால் கண்மாயில் மீன் உண்டு என்று அறிந்தவர்கள் பெரும்பாலும் பசித்தவர்களே.

இங்கே கண்மாயைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. அவற்றை நம்பி வாழும் பகுதிகளுள் நம்முடையது முதன்மையானது. மடையைத் திறந்து அடைத்து, வயல்களுக்கு நீரைப் பகிர்ந்தளித்த நீர்பாய்ச்சிகள் பல ஊர்களில் தலித் மக்களே. பழைய இராமநாதபுரம் சீமையின் கண்மாய் ஊர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், 2003ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நீர்ப் பங்கீடும் சாதி மதிப்பும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன என்று காட்டினார். நீரின் நடமாட்டம் முழுவதையும் அறிந்தவர், தாம் திறந்துவிட்ட நீரில் எல்லோருடனும் ஒரே துறையில் இறங்கிக் குளிக்க இயலாத ஊர்கள் இருந்தன. பொதுக் கண்மாய் என்று பெயர், துறைகளோ தனித்தனி. 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரில் டாக்டர் அம்பேத்கர் மக்களோடு நடந்து சென்று சவதார் குளத்தின் நீரைக் கையில் அள்ளிப் பருகியதன் பொருளை நம் கண்மாய்க் கரையில் நின்று எண்ணிப் பார்த்தால் நன்கு விளங்கும். பொது நீர்நிலைகள் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923லேயே தீர்மானித்திருந்தது. தாளில் இருந்த உரிமை தண்ணீரில் இறங்க நான்கு ஆண்டுகளும் பல்லாயிரம் கால்களும் தேவைப்பட்டன.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1919 ஜூலை 27 அன்று, சிகாகோ நகரில் மிச்சிகன் ஏரியில் மிதந்துகொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன், வெள்ளையர் பகுதி என்று கருதப்பட்ட நீர்ப்பரப்பின் பக்கம் சென்றதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தான். நீரின் மேல் கோடு எதுவும் வரையப்பட்டிருக்கவில்லை. ஆயினும் அது அங்கே இருந்தது. நூறாண்டு கடந்து 2020 மே 25 அன்று, நியூயார்க் மத்தியப் பூங்காவில் பறவை நோக்கிக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர், நாயைக் கட்டிவைக்குமாறு ஒரு வெள்ளையினப் பெண்ணிடம் கேட்டார். அப்பெண்ணோ, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தம்மை மிரட்டுவதாகக் காவல்துறையை அழைத்தார். கையில் தொலைநோக்கி இருந்தும், பறவை காண வந்தவராக அவர் அப்பெண்ணின் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த சில நாள்களிலேயே கறுப்பின இளம் அறிவியலாளர்கள் 'கறுப்பினப் பறவையாளர் வாரம்' ஒன்றைத் தொடங்கித் தாங்களும் காட்டுக்கும் வானுக்கும் உரியவர்கள் என்று உலகுக்கு அறிவித்தனர்.

இலக்கியத்திலும் இதற்கு இணையான பணி நடந்தது. கவிஞர் கமில் டங்கி 2009இல் 'பிளாக் நேச்சர்' என்ற தொகை நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்க அமெரிக்கர் நான்கு நூற்றாண்டுகளாக எழுதிய இயற்கைக் கவிதைகள் அதில் இடம்பெற்றன. புதிதாக எழுதப்பட்டவை மட்டும் அல்ல. முன்பே இருந்தவையும், இயற்கைக் கவிதை என்று எவரும் படிக்காதவையும் அங்கே ஒன்று சேர்ந்தன. பருத்திக் காட்டைப் பாடினால் அடிமைமுறையின் பாடல் என்றார்கள். காடும் அங்கே பாடப்பட்டிருந்ததைப் பாராமல் விட்டார்கள். தமிழிலும் அத்தகைய தொகை நூல் ஒன்று வரவேண்டும் என்பது நம் அவா. பாமாவும் பூமணியும் இன்னும் பலரும் எழுதிய நிலக்காட்சிகளை ஒருங்கே வைத்துப் படித்தால், தமிழ் இயற்கை எழுத்தின் வரலாற்றையே திருத்தி எழுத நேரிடும்.

இதில் திருச்சபைக்கு என்ன தொடர்பு என்று நம் வாசகர் கேட்கலாம். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிசு வழங்கிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூமியைப் பொது இல்லம் என்றழைத்து, அதன் அழுகுரலையும் ஏழையரின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கப் பணித்தது. அதன்பின் நம் பங்குகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன, மகிழ்ச்சி. ஆனால் இல்லம் பொது என்றால் அதன் அறைகளும் பொதுவாக வேண்டும். துறை தனி, தெரு தனி, சில இடங்களில் கல்லறையும் தனி என்றிருக்கும்போது மரத்தின் நிழல் மட்டும் பொதுவாகிவிடுமா? யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். கொடுப்பவராக அல்ல, கேட்பவராக முதலில் நின்றார். தீண்டத்தகாதவள் என்று விலக்கப்பட்டவளின் குடத்திலிருந்து பருக அவர் கூசவில்லை. இயற்கையைப் பற்றிய அறிவையும் நாம் அவ்வாறே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

வீரசோழன் சந்தைக்கு ஆடு ஓட்டி வரும் ஒருவருக்குத் தெரிந்த புற்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. சீமைக் கருவேல் வருமுன் கண்மாய்க்குள் நின்ற நாட்டுக் கருவேலில் கூடு கட்டிய பறவைகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அண்டை மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022இல் ராம்சார் ஈரநிலங்களாக உலகத்தால் ஏற்கப்பட்டன. அவையும் நம் கண்மாய்களைப் போன்றவையே. அந்த நீரையும் மரங்களையும் தலைமுறைகளாகக் காத்தவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரிகளில் படிக்கிறார்கள். தாத்தா மடை திறந்ததைச் சொல்ல அவர்கள் நாணுகிறார்கள் என்றால், அந்த நாணத்தை அவர்கள் மேல் ஏற்றியவர்கள் நாம். பாட்டி விறகு சுமந்த மலையின் பெயரைத் தம் முதற்பக்கத்தில் எழுத அவர்களுள் ஒருவர் துணியும் நாளில், அந்தப் பக்கத்தைத் துயரத்துக்காக மட்டும் புரட்டாமல், அந்த மலைக்காகவும் நின்று படிக்கும் வாசகராக நாம் இருக்க வேண்டும்.